ஏழு பேர் படித்த பெட்டி

டுலூத்,
செப்டம்பர் 3

அன்புள்ள கர்ட்டுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஏரியில் நீயும் உன் கப்பலும் நலமாக இருக்க வேண்டும். தபால் படகு கொண்டுவந்து கொடுத்ததும் இதைத் தனியாகப் படி. கப்பல் சமையல்கார டேலுக்கு வாசித்துக் காட்டாதே. போனில் சொன்னால் நடுவில் புகுந்து சமாதானம் சொல்வாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. உன் அம்மா காது மெஷினைத் தொலைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து ரொட்டி டப்பாவில் கண்டுபிடித்தார்.

கட்டடக்கலை உரிமத் தேர்வில் ஒரே பகுதியில் நான் இரண்டு முறை தோற்றது உனக்குத் தெரியும். ஏன் என்று எனக்கே போன வாரம்தான் தெரிந்தது. எங்கள் அலுவலகத்துப் புத்தகப் பெட்டிதான் காரணம். தேறியவர் மூடியின் உள்பக்கம் பெயரெழுதி, கேக் வெட்டி, அடுத்தவருக்குக் கொடுப்பாரே, அதே பெட்டி. ஏழு பெயர்கள், ஏழும் ஆண்கள். கடைசியாக ஒருவர் பெயரெழுதிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. அதன்பின் தேர்வும் மாறிவிட்டது, கட்டட வேலைக்குக் கையெழுத்திடும் ஒப்பந்தப் பத்திரமும் மாறிவிட்டது. அந்தப் புதுப் பத்திரத்தைக் காட்டித்தான் நான் தினமும் கான்டிராக்டர்களோடு மல்லுக்கு நிற்கிறேன். தேர்வில் காப்பீட்டைப் பற்றிக் கேட்டபோது என் வேலை ஒரு பதில் சொன்னது, பெட்டி வேறு பதில் சொன்னது. நான் பெட்டியை நம்பினேன், கர்ட்! பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள்!

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பெட்டியைத் தூக்கிப்போய் முதலாளி ஹாலோரன் மேஜையில் வைத்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பெட்டில ஒரு கோளாறும் இல்ல மார்லா. ஏழு பேரு இதப் படிச்சுத்தானே பாஸ் பண்ணாங்க? வயசாயிடுச்சு, மண்டையில நிக்க மாட்டேங்குது, ஒத்துக்கயேன்" என்றார்.

"நல்லாவே நிக்குது சார். நீங்க குடுத்த பழசு அத்தனையும் நின்னுச்சு, அதான் ஃபெயிலானேன்" என்றேன். வரவேற்பு மேஜை ஐரீன் காபியைத் துப்பிவிட்டாள். பிறகு என்னிடம், "அவ்ளோ கனத்த ஏன்டி தனியாத் தூக்கின? முதுகு புடிச்சிருந்தா அதுக்கும் வயசுதான்னு சொல்லியிருப்பாரு" என்றாள்.

இப்போது சாப்பாட்டு மேஜையில் மூன்றே மூன்றுதான் இருக்கின்றன. தேர்வு நடத்துபவர்களே இலவசமாகத் தரும் கையேடு, அவர்களுடைய மாதிரித் தேர்வு, என் காபிக் கறை படிந்த ஒப்பந்தப் பத்திரம். "முப்பதே நாளில் வெற்றி" என்று கூவுகிற வீடியோக்காரனை இரண்டாம் நாளே நிறுத்திவிட்டேன். அவன் வாழ்நாளில் ஒரு கட்டட வேலையிடத்தில் சேறு மிதித்தவன் இல்லை.

மூன்றாம் முறை பத்தொன்பதாம் தேதி. ஒரு வருடத்துக்கு மூன்று முறைதான் விடுவார்கள், அதிலும் தோற்றால் வசந்தம்வரை அந்தப் பகுதியை எழுத முடியாது. நான் கோடு கோடாக வரைந்த மேற்குப் பகுதி மருத்துவமனை, உரிமம் வைத்திருக்கும் புதுப் பையனுக்குப் போய்விடும். ஹாலோரன் சொல்லிவிட்டார். அதை நான் விடமாட்டேன். கதவு எங்கே வரவேண்டும் என்று சக்கர நாற்காலிக்காரர்களோடு உட்கார்ந்து பேசியவள் நான். கையெழுத்தும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

போன வாரம் போனில், "போதும் விடு மார்லா, நமக்கு என்ன கொறச்சல்?" என்று கேட்டாய். அன்பாகத்தான் கேட்டாய், தெரியும். ஆனால் ஹாலோரன் சொன்னதைவிட அது அதிகமாக வலித்தது. அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். குறை இருக்கிறது. எனக்கு இருக்கிறது.

முடிவு அன்றைக்கே தெரிந்துவிடும், கூப்பிடுவேன். தேறியிருந்தால் கப்பல் அதிரக் கத்து. தோற்றிருந்தால் என்னைத் தேற்றாதே. "அடுத்த தேதி எப்போ?" என்று மட்டும் கேள். கேட்பாய் அல்லவா?

ஏரி உன்னிடம் சாதுவாக இருக்கட்டும்.

உன்,
மார்லா