ஆறு கட்டையில் கேட்கும் குரல்

20-1-2025, திங்கள்

கோட்டையூர்ப் பாகப்பிரிவினை வழக்கு மீண்டும் வாய்தா. எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சலாம். நீதிமன்ற வாசலில் நின்றுகொண்டிருந்தபோது மதுரையிலிருந்து மருத்துவர் அழைத்தார். என் மனைவி சந்திரலேகாவின் தொண்டையிலிருந்து எடுத்த சதையின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. நாங்கள் அஞ்சியதுதான். குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். உடனே எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, தள்ளிப்போடக் கூடாது என்றார். பிப்ரவரி ஐந்தாம் தேதிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். அதன் பிறகு பேச்சு இராது. பாட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அவள் பாடியவள் என்பது அவருக்குத் தெரியாது.

பிற்பகல் சாட்சி விசாரணை ஒன்றை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஏன் முடித்தேன்?

21-1-2025

சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டாள். கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு வந்து, "நான் ஒத்துக்கிற மாட்டேன்" என்றாள்.

24-1-2025, வெள்ளி

மூன்று நாட்களாக வாதாடுகிறேன். அவளுக்கு இப்போது வருவது காற்றும் கரகரப்பும் கலந்த ஒரு முனகல்தான். அதை வைத்துக்கொண்டே என்னைத் தோற்கடிக்கிறாள்.

"நீங்க வக்கீலு. ஒங்களுக்குத் தெரியாததா? நான் கையெழுத்துப் போடாம எவரும் கத்திய எடுக்க முடியாதுல்ல?"

முடியாது. சுயநினைவோடு இருக்கும் ஒரு வயதுவந்தவரின் சம்மதம் இன்றி எந்த மருத்துவரும் தொட முடியாது. கணவன் என்ற முறையில் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. இதே சட்டத்தை எத்தனை கட்சிக்காரர்களுக்கு விளக்கியிருக்கிறேன்! இன்று இது எனக்கு எதிராக நிற்கிறது. அதில் ஓர் ஓட்டை இருக்காதா என்று தேடுகிறேன். நானா தேடுகிறேன்?

மாலை மகள் ஸ்வேதா கோயம்புத்தூரிலிருந்து தொலைபேசியில் அழுதாள். "அப்பா, அம்மாவ எப்படியாச்சும் சம்மதிக்க வைங்கப்பா."

26-1-2025, ஞாயிறு

ஒரு யோசனை தோன்றியது. திருமணத்துக்கு முன் சந்திரா ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். 1997இல் அவள் மட்டும் தனியாகப் பாடி ஓர் ஒலிநாடா வந்தது. ‘கானப்பேர் இசைமலர்’. காளையார்கோவில் சாமி பேரில் எட்டுப் பாட்டு. அவளுடைய முதல் தனித் தொகுப்பு, இரண்டாவது வரவில்லை. தன் குரல் தன் உடம்புக்கு வெளியே பத்திரமாக இருக்கிறது என்று கண்டால், உடம்பிலிருந்து அதைக் கொடுக்க மனம் வராதா? சரியான வாதமாகப் படுகிறது.

ஆனால் வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை. பாடகியின் வீட்டில் அவளுடைய ஒரே தொகுப்பு இல்லை என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்கு விசித்திரமாகத் தோன்றவே இல்லை.

அவள் குழுவில் கீபோர்டு வாசித்த அய்யப்பனை வலையபட்டியில் பிடித்தேன். "கேசட்டா? அதப் போட்டுக் கேக்க எங்கிட்டு அண்ணே பொட்டி இருக்கு?" என்று சிரித்தான். பிறகு அந்தக் காலத்தைச் சொல்ல ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. கண்டனூரில் ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பெரிய செட்டியார் வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறப்பார்களாம். இரண்டாம் கட்டு முற்றத்தில் மேடை. டிரம்ஸ் செட்டைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து நடந்தால் கல்யாணமே முடிந்துவிடும், அவ்வளவு நீளம். சந்திரா பாட வந்தால் பந்தியில் பரிமாறுகிறவர்கள் வாளியோடு நின்றுவிடுவார்களாம். "சோத்த வைங்கய்யான்னு ஒரு அப்பச்சி கத்துவாரு. அப்புறம் அவரும் நின்னு கேப்பாரு."

நான் இதில் எதையும் பார்த்ததில்லை. 1999இல் நான் பெண் பார்க்கப் போனபோது அவள் பாடுவதை நிறுத்தியிருந்தாள்.

28-1-2025

காளையார்கோவில். மைக்செட் மலையாண்டியின் கடை. இப்போது டிஜே, லேசர் விளக்கு எல்லாம் வைத்திருக்கிறார்.

"வாங்க வக்கீலய்யா! கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை வாங்கிக் குடுத்தீகளே, இப்ப எதுக்குத் தடை வாங்க வந்தீக?"

"அது நான் இல்லை. வேறு வக்கீல்."

"எல்லாரும் கறுப்புக் கோட்டுத்தானய்யா."

ஒலிநாடாவைச் சொன்னதும் கேலி நின்றது. இரும்புப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒன்றை எடுத்தார். அட்டையில் கோபுரம், கீழே பொடி எழுத்தில் அவள் பெயர். "பத்து வருசம் திருவிழாவுல பிள்ளையார் பாட்டுக்கு அடுத்தாப்புல இதத்தான் போட்டேன். அக்கா பாட்டப் போட்டாத்தான் சனம் கோலம் போட எந்திரிக்கும். இந்தாங்க. பொட்டியையும் எடுத்துட்டுப் போங்க. அக்கா நல்லா இருக்காகள்ல?"

இருக்கிறாள் என்றேன்.

29-1-2025, புதன்

போட்டேன். மிக மெல்லிய, சிறுமியின் குரல் போன்ற ஒன்று மணி மாதிரி வந்தது. எனக்குக் கண் கலங்கியது. திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் வெறுப்பு. முதல் பாட்டு பாதியில் இருக்கும்போதே எழுந்து வந்து பொத்தானை அமுக்கினாள்.

"இது நானில்ல."

என் ஒரே ஆவணம், என் ஒரே சாட்சி, போய்விட்டது.

30-1-2025

இன்று காலை அவளாகச் சொன்னாள். விட்டு விட்டு, மூச்சு வாங்கி வாங்கி. அவள் பாடியது ஐந்து கட்டை சுருதியில். எட்டுப் பாட்டும் நாடாவின் இரண்டு பக்கத்திலும் அடங்கவில்லை. பாட்டைக் குறைக்க மனமில்லாத கம்பெனிக்காரர், பதிவை வேகமாக ஓட்டிப் படியெடுத்துவிட்டார். வேகம் கூடினால் குரலும் மேலே ஏறும். "ஆறு கட்டையில எவளோ சின்னப்புள்ள கத்துது. கேட்டா, இப்புடித்தாம்மா விக்குமுன்னாக."

விற்றது. அதுதான் கேடு. அடுத்த பங்குனித் திருவிழாவில் மேடையேறித் தன் சொந்தக் குரலில் பாடியபோது கூட்டத்திலிருந்து ஒருவன், "கேசட்டுல பாடுன புள்ளையக் கூப்பிடுங்கப்பா, இது யாரு டூப்பு?" என்று கத்தியிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். விழாக் கமிட்டித் தலைவரும். அத்தோடு இறங்கியவள் பிறகு மேடை ஏறவே இல்லை.

என் தகப்பனாருக்குப் பிடிக்காது என்று அஞ்சித்தான் அவள் பாடவில்லை என இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவர்மேல் உள்ளுக்குள் வருத்தம்கூட வைத்திருந்தேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"எங்குரலு இந்தத் தொண்டைய விட்டா வேற எங்குட்டும் இல்லங்க. இதையும் அறுத்துட்டா?"

ஸ்வேதாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

1-2-2025, சனி

ஸ்வேதா வந்துவிட்டாள். நாடாவைக் கணினியில் ஏற்றி, "வேகத்தைக் குறைக்கலாம்மா. ஆனா எவ்வளவு குறைக்கிறதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள்.

சந்திரா அலமாரியின் மேலிருந்து சுருதிப்பெட்டியை இறக்கித் துடைத்து, ஐந்து கட்டையில் வைத்தாள். ஸ்வேதா வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். இன்னும் என்று அம்மாவின் கை தாழ்ந்தது. இன்னும். பாட்டின் பின்னணியிலிருந்த தம்புராவும் எங்கள் மேசைமேல் இருந்த பெட்டியும் ஒன்றாகிப்போன இடத்தில் கை நின்றது.

ஒரு பெண் பாடினாள். முழுமையான, சற்றுக் கனத்த, எங்கும் அவசரப்படாத குரல். ஸ்வேதா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு இருபத்தைந்து ஆண்டு திருமண வாழ்க்கை ஆகிறது. இந்தப் பெண்ணை இன்றுதான் கேட்டேன்.

4-2-2025, செவ்வாய்

நாளை மதுரைக்குக் கிளம்ப வேண்டும். அவள் வரமாட்டேன் என்கிறாள், முன்புபோல அல்ல. "எட்டையும் சரி பண்ணிட்டு வாரேன்." இரண்டாம் பக்கத்தில் ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுகிறது. ஒவ்வொன்றுக்கும் நாள் முழுக்க உட்காருகிறாள். அரைக்கட்டை விலகினாலும் முதலிலிருந்து போடச் சொல்கிறாள்.

மருத்துவரிடம் தேதியை மாற்றக் கேட்டேன். பத்து நாளுக்கு மேல் முடியாது, அதுவே தவறு என்றார். வாய்தா கேட்டுப் பழகிய வாய். இந்த வாய்தாவையும் நானேதான் கேட்டேன்.

8-2-2025, சனி

இன்று கத்திவிட்டேன். வாழ்க்கையில் முதன்முறை. என்ன சொன்னேன் என்று எழுதக் கூசுகிறது — நீ செத்த பிறகு இதைக் கேட்டுக்கிட்டு நான் என்னடி செய்ய? — இப்படித்தான். ‘டி’ போட்டு. ஸ்வேதா கணினியை மூடிவிட்டாள்.

சந்திரா கோபப்படவில்லை. "அந்த டூப்பத்தான் இத்தன வருசமா ஊரு பாட்டுக்காரின்னு சொல்லிட்டு இருக்கு. இன்னும் ரெண்டு பாட்டு. ரெண்டே ரெண்டு. பொறுக்க மாட்டீகளா?"

கழுத்தின் இடப்புறம் ஒரு வீக்கம் தெரிகிறது. முன்பு இருந்ததா? இருந்ததா இல்லையா? அவளிடம் கேட்கவில்லை. அந்த நாடாவைத் தேடிக் கொண்டுவந்தவன் நான். அவளைச் சம்மதிக்க வைக்கக் கொண்டுவந்தேன். அது அவளைக் கொன்றுவிடப் போகிறது.

10-2-2025

ஏழு முடிந்தது.

11-2-2025, தைப்பூசம்

எட்டாவதும் முடிந்தது. கண்ணை மூடி முதலிலிருந்து கடைசி வரை எட்டையும் கேட்டாள். மூன்றாவது பாட்டில் ஓர் இடத்தில், "இங்க மூச்சு வாங்கிருக்கக் கூடாது" என்று தலையில் தட்டிக்கொண்டாள். முடிந்ததும் சுருதிப்பெட்டியை நிறுத்தினாள். "எங்க அந்தச் சம்மதத் தாளு? கொண்டாங்க."

கட்சிக்காரருக்குப் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்துக்காட்டினேன். எதையும் மறைக்கக் கூடாதல்லவா? பேச்சுத்திறன் நிரந்தரமாக இழக்கப்படும் என்ற வரியைப் படித்தேன். உயிரிழப்பும் நேரக்கூடும் என்ற வரியில் என் குரல் நின்றுவிட்டது.

"அடுத்த வரி" என்றாள்.

14-2-2025, வெள்ளி

உள்ளே கொண்டுபோகும்போது என்னைக் கூப்பிட்டாள். குனிந்தேன். "சட்டைப் பொத்தான மாத்திப் போட்டுருக்கீக" என்றாள். சரிசெய்துகொண்டு நிமிர்வதற்குள் கதவு மூடிவிட்டது.

அவள் குரலில் நான் கடைசியாகக் கேட்டது அது.

மாலை மருத்துவர் வெளியே வந்தார். குரல்வளையோடு கழுத்தில் இருந்த கட்டிகளையும் எடுத்திருக்கிறார். கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். "முதலில் சொன்ன தேதிக்கே வந்திருந்தால்..." என்று தொடங்கினார். வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நான் முடிக்கச் சொல்லவும் இல்லை.

2-3-2025

கதிர்வீச்சு நாளை தொடங்குகிறது. கழுத்துத் துளை வழியே அவள் மூச்சு வரும் ஓசைக்கு இன்னும் பழகவில்லை. அது நிற்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்கிறேன்.

17-4-2025, வியாழன்

கதிர்வீச்சு முடிந்து மதுரையிலிருந்து வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. அடுத்த பரிசோதனை ஜூலையில். அதுவரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்கள்.

காலையில் முன்னறையில் ஒரு கிரயப் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது சந்திரா கையில் கரண்டியோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தில் நல்ல கோபம். கரண்டியால் மேல்தட்டைக் காட்டினாள், உப்பு டப்பா எட்டவில்லையாம்.

பிற்பகலில் மேசையையும் வழக்குக் கட்டுகளையும் அடுப்படி வாசலுக்கு நேராக நகர்த்திவிட்டேன். கட்சிக்காரர்கள் இனி வீட்டுக்குள் இவ்வளவு தூரம் நடந்து வர வேண்டும். மிளகாய் வறுத்தால் தும்முவார்கள். இருக்கட்டும். இங்கிருந்து பார்த்தால் அவள் கை தெரிகிறது.