செம்புக் கோடுகளுக்கு நடுவே

காலையில் வாழப்பாடியிலிருந்து ஒருவர் கருகிய சர்க்யூட் போர்டு ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். பையைப் பிரித்ததும் அந்த வாடை கடையை நிறைத்தது. அவரை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும் என் கையில் இதே வாடைதான்.

சேலத்தில் நாம் இருவரும் சேர்ந்து கோழிப்பண்ணை மின்விசிறிகளுக்கான போர்டுகளை வடிவமைத்தோம். நான் கணினியில் கோடுகளை வரைவேன். நீ பின்னால் நின்று, "இன்னும் தள்ளுடா" என்பாய். வீட்டுக் கரண்டு ஓடும் செம்புக் கோட்டுக்கும், வெப்பம் அளக்கும் சென்சாரின் ஐந்து வோல்ட் கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டாலும் உனக்குப் போதாது. மேலே பச்சைப் பூச்சு வரத்தானே போகிறது என்று ஒருநாள் வாதாடினேன்.

"அந்தப் பச்சைப் பூச்சு, சோல்டர் மாஸ்க், ஈயம் கண்ட இடத்துல பரவாம இருக்கத்தான்டா. கரண்டைத் தடுக்க இல்ல. கோழி எச்சத்து ஆவி, தூசி, ஈரம் எல்லாம் சேர்ந்தா அது எத்தனை நாள் தாங்கும்?"

போர்டு பெரிதானது, பெட்டியும் பெரிதானது. வாங்க வந்தவர்கள் சின்னப் பெட்டி விற்பவரிடம் போனார்கள். நீ கவலைப்படவில்லை. நான் பட்டேன்.

அந்தச் சித்திரை வெயிலில் புதுச்சத்திரத்துப் பண்ணைக்காரர் போன் செய்தார். அவர் கொட்டகையில் இருந்தது அந்தச் சின்னப் பெட்டி. விற்றவர் போனை எடுக்கவில்லையாம். "ஃபேனெல்லாம் நின்னுபோச்சுங்க. கோழி வாயத் தொறந்துட்டு நிக்குதுங்க. வெரசா வாங்க சாமி."

"நம்ம போர்டு இல்லையேடா" என்றேன்.

"கோழிக்கு அது தெரியுமா?" என்று சொல்லி வண்டியை எடுத்தாய்.

வெக்கை தணியத் தண்ணீர் தெளித்திருந்ததில் கொட்டகை முழுக்க ஈரம். சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்க அதன் உலோக மூடியைக் கையால் பிடித்தாய். ஐந்து வோல்ட் ஒயருக்கு யார் பயப்படுவார்கள்? பண்ணைக்காரர் ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து, அந்தப் பெட்டியை நான்தான் கழற்றினேன். இரண்டு கோடுகளுக்கும் நடுவே நகம் நுழையும் இடம்கூட இல்லை. பூச்சு அங்கே பொரிந்து, கரி மயிரிழையாய் ஓடி இரண்டையும் சேர்த்திருந்தது. விற்றவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"மேல மாஸ்க் இருக்குதுங்களே?" என்றார்.

பொய் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அடிக்கப் போன கை அப்படியே தொங்கிவிட்டது.

உன் மனைவி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "எல்லாம் தெரிஞ்ச மனுசன் எப்படிண்ணா அதுல கை வெச்சாரு?"

"யாரும் தொடலாம்னு இருக்கவேண்டிய ஒயரும்மா அது" என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. எனக்கும்தான்.

இப்போது ஒவ்வொரு புது போர்டையும் மீட்டர் வைத்துச் சோதிக்கிறேன். மீட்டர் சரியென்று காட்டிய பிறகும், கையை நனைத்துக்கொண்டு சென்சாரை நானே ஒருமுறை பிடித்துப் பார்க்கிறேன். வீட்டில் திட்டுகிறார்கள். பிடிக்கும்போது ஒன்றும் ஆவதில்லை. கையை எடுத்த பிறகுதான் பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.