முகம்மது கனியைக் கடலில் மூழ்கடித்தது பற்றிய விண்ணப்பம்

அனுப்புநர்:
கா. சீனி முகம்மது,
மனு எழுதுபவர் (உரிமம் தற்போது நிறுத்தப்பட்டவர்),
சர்க்கார் கச்சேரிக்கு எதிர் அஞ்சடி நடைபாதை,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.

பெறுநர்:
கனம் உரிம அதிகாரி துரை அவர்கள்,
மனு எழுதுவோர் பகுதி, பினாங்கு.

பொருள்: உயிரோடிருக்கும் ஒருவரை மனுவில் மூழ்கடித்ததற்காக நிறுத்தப்பட்ட உரிமத்தைத் திரும்பக் கோருதலும், இனிக் கதை எழுதமாட்டேன் என்னும் உறுதிப்பத்திரத்திலிருந்து விலக்குக் கோருதலும்.

கனம் பொருந்திய துரை அவர்களுக்குப் பணிவான சலாம்.

1. நான் பத்தொன்பது வருஷமாக மேற்படி அஞ்சடியில் மேசை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்குத் தமிழில் மனு எழுதி வருகிறேன். அவற்றைத் தங்கள் மொழிபெயர்ப்பாளர் திரு. கார்த்திகேசு அவர்கள் ஆங்கிலத்தில் மாற்றித் துரைமார் பார்வைக்கு வைக்கிறார். இந்த ஏற்பாட்டில் சென்ற ஏப்ரல் மாதம் வரை யாரும் செத்ததில்லை.

2. மனுக்காரர் வராத நேரத்தில் அதே மேசையில் நான் கதை எழுதுவது உண்மை. 'காமிலா அல்லது கரை காணாத கப்பல்' என்னும் என் தொடர்கதை இவ்வூர் வாரப் பத்திரிகை ஒன்றில் வெளிவருகிறது. இடது இழுப்பறை மனுவுக்கு, வலது இழுப்பறை கதைக்கு. மைக்கூடு மட்டும் ஒன்றே. மனு சோறு போடுகிறது, கதை என்ன போடுகிறது என்று என் மனைவி சித்தி ஹாஜரா கேட்பதுண்டு.

3. சுங்கைப் பினாங்கைச் சேர்ந்த ருக்கையா பீவி என்பவர், தம் சந்திலுள்ள பொதுத் தண்ணீர்க் குழாய் உடைந்தது பற்றி என்னிடம் மனு எழுதிக்கொள்ள வந்தார். இவர் கணவர் முகம்மது கனி, கெப்பாலா பத்தாஸில் துணி விற்பவர், மாதம் ஒரு முறை வீடு வருபவர். முதல் மனுவில், குழாய் உடைந்துள்ளது, முப்பது குடும்பங்கள் தண்ணீருக்கு அரை மைல் நடக்கின்றன, சரிசெய்து தர வேண்டும் என்று எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அக்டோபரில் அனுப்பினோம். டிசம்பரில் மறுபடி அனுப்பினோம். பிப்ரவரியிலும் அனுப்பினோம். பதில் இல்லை.

4. ஏப்ரல் மாதத்து ஒரு புதன்கிழமை அவர் நான்காம் முறையாக வந்தார். புதன்கிழமை, அச்சுக்கூடத்து ஆள் வந்து என் அத்தியாயத்தை வாங்கிப்போகும் நாள். அந்த வாரம் ஒன்பதாம் அத்தியாயம். காமிலாவின் கணவன் 'ரஹ்மத்' என்னும் கப்பலோடு மூழ்க வேண்டும். பாதி மூழ்கியிருந்தான். அச்சுக்கூடத்து ஆள் என் நாற்காலிக்குப் பின்னால் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தான். ருக்கையா பீவி, "அண்ணே, இந்தத் தடவை கொஞ்சம் உறைக்கிற மாதிரி எழுதுங்க லா" என்றார். நான் காகிதத்தை மாற்றினேன். கையை மாற்ற முடியவில்லை. அந்த மனுவில் முகம்மது கனி 'ரஹ்மத்' கப்பலில் ஏறினார், புயல் வந்தது, அவர் மவுத்தானார், கைம்பெண் ஒருத்தி இடுப்பில் குடத்தோடு அரை மைல் நடக்கலானாள்.

5. எழுதியதை மனுக்காரருக்குப் படித்துக் காட்டி, அவர் சரியென்ற பிறகே கைநாட்டு வாங்குவது எங்கள் தொழிலின் ஒழுங்கு. அன்று நான் படித்துக் காட்டவில்லை. 'படித்துக் காட்டப்பட்டது' என்று அடியில் எழுதிவிட்டேன். தன் புருஷன் இறந்த செய்தியின் கீழ், அது தெரியாமல், அந்தப் பெண் பெருவிரலை வைத்தார். இதற்கு நான் வெட்கப்படுகிறேன். இந்த விஷயத்தில் நான் வெட்கப்படுவது இது ஒன்றுக்குத்தான்.

6. ஒன்பதாம் நாள் புதுக் குழாய் வந்தது. பத்தாம் நாள், குழாய்ப் பகுதித் துரையே விதவைக்கு ஆறுதல் சொல்ல நேரில் வந்தார். கதவைத் திறந்தவர் முகம்மது கனி. துரையை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, குழாய்க்காக நன்றி சொல்லி, தாம் இன்னார் என்றும் தெரிவித்தார். துரை தேநீரை முழுவதும் குடித்துவிட்டே எழுந்தார் என்று கேள்வி.

7. மறுநாள் முகம்மது கனி என் மேசைக்கு வந்தார். அடிப்பார் என்று மைக்கூட்டை நகர்த்தி வைத்தேன். அவர் குறை வேறாக இருந்தது. ஆற்றங்கரையில் பிறந்து நீந்தி வளர்ந்தவனைத் தண்ணீரில் சாகடிக்கலாமா, கெப்பாலா பத்தாஸில் எப்படித் தலைகாட்டுவது, கொல்லத்தான் வேண்டுமென்றால் காய்ச்சல் கிடைக்கவில்லையா என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. பின்னால் நின்ற ருக்கையா பீவி சிரிக்கவில்லை. "அவரு மவுத்துன்னு கைநாட்டு வச்சது தெரியாம, அந்தப் பத்து நாளும் நான் சிரிச்சிக்கிட்டே தண்ணி சுமந்தேனே அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

8. மனுவில் மூழ்கிய கப்பலும் ஒன்பதாம் அத்தியாயத்தில் மூழ்கிய கப்பலும் ஒன்றே என்று, குழாய்ப் பகுதித் துரையின் புகாரின்மேல் நடந்த விசாரணையில் சொன்னவர் திரு. கார்த்திகேசு அவர்கள். சனிக்கிழமைதோறும் பத்திரிகையும் கையுமாக வந்து, காமிலா இனி என்ன செய்வாள் என்று கேட்பவர் அவர்தான். மொழிபெயர்க்கும்போது கண் கலங்கியதால் கப்பலின் பெயரைக் கவனிக்கவில்லை என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரு வாசகர் இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

9. இனிக் கதை எழுதுவதில்லை என்று கையொப்பமிட்டால் உரிமம் கிடைக்கும் என்பது தங்கள் உத்தரவு. சித்தி ஹாஜரா பேனாவை எடுத்து என் கையிலேயே வைத்தாள். வீட்டில் அரிசிப் பானையைச் சுரண்டும் சத்தம் எனக்கும் கேட்கிறது. ஆனால் துரை அவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் 'நான்' என்று எத்தனையோ ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். 'நான் நோயாளி', 'நான் அனாதை', 'நான் குற்றம் செய்யவில்லை.' ஒன்றிலும் அது நானில்லை. பிறருக்காக அழுது முடித்த பிறகு எனக்கென்று மிஞ்சுவது அந்த வலது இழுப்பறைதான். அதை மூடச் சொன்னால் எனக்குத் தாங்காது. இதைவிட நயமாகச் சொல்லத் தெரியும், மனு என்பதால் சொல்லவில்லை.

10. கதை என் மனுவைக் கெடுத்துவிட்டது என்று தங்கள் உத்தரவு சொல்கிறது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். ருக்கையா பீவி மூன்று முறை அழாமல் கேட்டார், ஆறு மாதம் போயிற்று. நான்காம் முறை ஓர் ஆளைக் கொன்றேன், ஒன்பது நாளில் குழாய் வந்தது. மனுக்காரர்களுக்கு இது தெரிந்துபோயிற்று. உத்தரவு வந்த பிறகும் என் மேசைக்கு மூன்று பேர் வந்தார்கள். உரிமம் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். மூவரில் இருவர், தங்கள் வீட்டிலும் யாரையாவது சாகடித்து எழுத முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுத்தது நானா என்பதைத் துரை அவர்களே தீர்மானிக்க வேண்டும்.

11. ஆகவே, படித்துக் காட்டாத குற்றத்துக்கு எந்தத் தண்டனையையும் ஏற்கிறேன். புதன்கிழமைகளில் மனு எழுதுவதில்லை என்றும் ஒப்புக்கொள்கிறேன். உரிமத்தைத் திரும்பத் தரும்படியும், உறுதிப்பத்திரத்தை ரத்து செய்யும்படியும் மிகப் பணிவுடன் வேண்டுகிறேன்.

12. இம்மனுவில் உள்ளதெல்லாம் நடந்தது. இதில் ஒருவரும் இறக்கவில்லை. ஆகையால் இதற்குப் பதில் வர நாளாகும் என்பதை அறிவேன். முப்பது நாள் காத்திருப்பேன். அதற்குள் வராவிட்டால், இரண்டாம் மனுவை என் மனைவி சித்தி ஹாஜராவின் பெயரில், விதவை என்று போட்டு அனுப்பும்படி ஆகும்.

இடம்: பினாங்கு
நாள்: 12-6-1934

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
கா. சீனி முகம்மது

இணைப்பு: உறுதிப்பத்திரம் ஒன்று, கையொப்பமிடாதது.