படப் புத்தகத்தில் என் விரல் மட்டும்

ஊரிகம்,
சனிக்கிழமை

அன்பு மகள் நளினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளை சரத்தும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ பேசிப் பேசி என்னைச் சமாதானம் செய்துவிடுகிறாய், போதாக்குறைக்கு உன் அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கியதிலிருந்து சமையல்கட்டில் நான் பேசுவதற்குக் கூடத்திலிருந்து பதில் சொல்கிறார். இந்த முறை எனக்குச் சமாதானம் வேண்டாம், நான் சொல்வதை நடுவில் வெட்டாமல் கேட்டால் போதும்.

நீ சின்னப் பிள்ளைகளுக்காக வரைந்த படப் புத்தகம் சென்னையிலிருந்து இரண்டு பிரதி வந்தது. ஒன்று நமக்கு, ஒன்று எதிர் வீட்டுப் பாக்கியவதி அத்தைக்கு என்று சொல்லியிருந்தாய். அத்தையிடம் கொடுத்தாயா என்று நீ ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவள் பெங்களூரில் மகன் ஷெர்வின் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவள் எங்கேயும் போகவில்லை, தினமும் காலையில் எதிரில்தான் கோலப்பொடி வாங்கிக்கொண்டும் கீரைக்காரியிடம் சண்டை போட்டுக்கொண்டும் இருந்தாள். புத்தகம் என் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் இருந்தது. எனக்குப் பொறாமை, நளினி. அதற்கு நாசூக்காக வேறு பெயர் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"சத்த வீடு" என்று பெயர் வைத்திருக்கிறாய். அட்டையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது அது யார் வீடு என்று. உள்ளே அவளுடைய மூக்குத்தி, கன்னத்து மச்சம், தாலிச் செயினில் மாட்டிய ஊக்கு, பீடிக்கட்டு மாதிரி முடிந்த கொண்டை, ஒன்றையும் விடவில்லை. அவள் சிரிப்பதற்கு இரண்டு பக்கம், அவள் மடியில் நீ தாம்பாளத்தைத் தட்டுவதற்கு இரண்டு பக்கம். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பெருமையாகத்தான் பையில் போட்டு எடுத்துப்போனேன், பூக்காரி புரட்டிப் பார்த்துவிட்டு "இன்னாக்கா, பாக்கியவதி அக்கா அப்படியே உயிரோட கீது, நீங்க எங்க கீறீங்க" என்று கேட்டாள். நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். மூன்றாம் பக்கத்தில் கதவு இடுக்கில். இருட்டு, ஒரு பச்சை வளையல், உதட்டின் மேல் ஒரு விரல். மூக்குக்கு மேலே கதவு மறைத்துவிட்டது. பெற்றவளுக்கு நீ கொடுத்த இடம் அவ்வளவுதான். பூக்காரியிடம் அந்த விரலைக் காட்டி இதுதான் நான் என்று சொல்லாமல் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பொய்யாக வரைந்துவிட்டாய் என்று சொல்ல மாட்டேன். அப்பா நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுப்பார், ஒரே அறை, தட்டிச் சுவர், உனக்கோ குரல் ஊதல் மாதிரி. அவருடைய பூட்ஸை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டால் உள்ளே ஆள் தூங்குகிறது என்று நம் சுரங்க லைன் வீடுகளுக்கே அர்த்தம், பால்காரன்கூடக் கூப்பிட மாட்டான். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் அடுப்பை அணைப்பேன், அம்மியைப் பின்பக்கம் உருட்டிக்கொண்டுபோய் அரைப்பேன், உன்னை எதிர் வீட்டில் விட்டுவிட்டு வருவேன். பாக்கியவதியின் வீட்டுக்காரர் ஏனோக் ஒர்க்‌ஷாப்பில் வேலை, பகல் ஷிப்ட்தான், அவள் வீட்டில் பகலெல்லாம் ரேடியோ பாடலாம், நீயும் ஷெர்வினும் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தலாம். அவள் நல்லவளாக இருப்பதற்கு அவளுக்கு வசதி இருந்தது. ராத்திரி முழுக்கச் சுரங்கத்தில் கல்லைக் குடைந்துவிட்டு வந்த மனுஷன் தூங்காமல் மறுபடி இறங்கினால் என்ன ஆகும் என்கிற பயம் எனக்கு இருந்தது. அந்தப் பயத்தை எந்தப் பக்கத்தில் வரைந்திருக்கிறாய் என்று தேடித் தேடிப் பார்த்தேன்.

இது போதாது என்று போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தார். விரல் பக்கம் வந்ததும் "இது யாரு, இன்னாத்துக்கு வாய் மேல விரல வெச்சினு கீது" என்று கேட்டார். நான்தான், நீங்கள் தூங்குவதற்காகப் பிள்ளையை அடக்குகிறேன் என்றேன். மனுஷன் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "எனக்கு அப்பவே காது போயிடுச்சே ரத்தினம். ட்ரில் மெஷின் புடிச்ச கொஞ்ச வருசத்துலயே போச்சு. நீ தலமாட்டுல பேண்டு வாசிச்சிருந்தாலும் நான் தூங்கினுதான் இருந்திருப்பேன்" என்கிறார். லைனில் எல்லா ஆண்களும் கத்தித்தான் பேசுவார்கள், கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் திரும்புவார்கள், அதில் இவருக்கு மட்டும் காது கேட்கவில்லை என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன். ஏன் சொல்லவில்லை என்றால், கம்பெனி டாக்டருக்குத் தெரிந்தால் ட்ரில்லிலிருந்து எடுத்து மேல்தரை வேலைக்குப் போட்டுவிடுவார்கள், சம்பளம் குறைந்துவிடும் என்று பயமாம். "அதுவும் இல்லாம நீ அவ்ளோ பாடுபட்டு அமைதியா வெச்சினு இருந்த, எப்படிச் சொல்றது" என்றார். அன்று சாயங்காலம் நான் அவருக்குக் காபி போடவில்லை. அவரே போட்டு எனக்கும் கொண்டுவந்து வைத்தார், நான் தொடவில்லை.

யோசித்துப் பார். கேட்காத காதுக்காக உன்னைத் தூக்கி எதிர் வீட்டில் கொடுத்திருக்கிறேன். உன் பாட்டு, உன் அழுகை, நீ முதன்முதலில் கரியால் தரையில் வரைந்த யானை, எல்லாம் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு நீ தூங்கி வழிகிற நேரம் மட்டும் மிச்சம். நாலைந்து நாள் அவள் வாசலில் நின்று கூப்பிட்டாலும் நான் தலைவலி என்று உள்ளேயே இருந்தேன்.

நேற்று என்ன தோன்றியதோ, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்துவிட்டேன். எப்போது வந்தது என்று அவள் கேட்கவில்லை. தன் மூக்குத்தியைப் பார்த்துச் சிரித்தாள், ஏனோக் அண்ணன் இருந்து இதைப் பார்க்கவில்லையே என்று கண்ணைத் துடைத்தாள். விரல் பக்கத்தைத் தட்டிக் காட்டி, "அக்கா, இந்தப் பொண்ணு எங்க வீட்ல அவ்ளோ ஆட்டம் போடும், நடுவுல நடுவுல எயிந்து ஓடிப்போயி உங்க வாசல்ல பூட்ஸ நிமித்திட்டாங்களான்னு பாத்துட்டு வரும். ஒருநாள் தானே நிமித்தி வெச்சிட்டு கதவாண்ட குந்தினு இருந்துச்சி, நான்தான் மறுபடி கவுத்துட்டு தூக்கினு வந்தேன். அத ஏன் இது வரையல" என்று கேட்டாள்.

கனவில்கூட நான் இதுவரை நினைத்ததில்லை நீ அங்கிருந்து என்னிடம் வரத் தவித்திருப்பாய் என்று. சந்தோஷமாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்து முகம் கழுவும்வரை சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, அதையும் பார்த்தவள் அவள்தான். கதவுக்கு அந்தப் பக்கம் நீ உட்கார்ந்திருந்தாய், இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை. இந்தப் பொறாமை மட்டும் எனக்குப் போகாது கண்ணு, நீ போக்கவும் பார்க்காதே.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதம், கை நிறைய வேலையும் வயிறு நிறையச் சோறுமாக இருங்கள். பார்சலில் கறிவேப்பிலைப் பொடி வைத்திருக்கிறேன், ஈரக் கரண்டி போடாதே. அடுத்த புத்தகத்தில் அந்தக் கதவைத் திறந்து வரைந்து வை, எனக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது, மறந்திருப்பாய்.

உன்னைப் பெற்ற
ரத்தினம்மா