பிள்ளைப்பாக்கத்து இடது கை

செப்டம்பர் 9, 1991, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. பிள்ளைப்பாக்கம் வந்து சேர்ந்தேன், சக்கரவர்த்தியாக. ராஜ்யம்: ஒரு கயிற்றுக் கட்டில். பிரஜை: மாமா, அக்கா புருஷன். கல்குவாரியில் முப்பது வருடம் சம்மட்டி அடித்தவர். மூன்று வருடமாக வாதம், வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல்: "போடா." அக்காவும் போடா, டாக்டரும் போடா.

இடது கை மட்டும் நூறு யானை.

அக்கா மணிமங்கலத்துக்கு, மகள் வீட்டுக்கு. தெருவுக்குச் சொன்னது: விசேஷம். எனக்குச் சொன்னது: "அஞ்சு நாளு தூங்கிட்டு வரேன்டா. முடியலன்னா பஸ் கண்டக்டராண்ட சொல்லியனுப்பு, வந்துடறேன்." மூன்று வருடமாக அவள் முழுசாகத் தூங்கவில்லை. சொல்லியனுப்ப மாட்டேன், சூரிய சந்திரர் சாட்சி.

கட்டளைகள்: கஞ்சி ஆறியிருக்கணும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டணும், இல்லாவிட்டால் முதுகில் புண். இடது கையில் எதையும் கொடுக்கக் கூடாது.

செப். 10, செவ்வாய்

புழுக்கம். அடி: விலாவில் இரண்டு, காதில் ஒன்று. காதடி செங்கல்பட்டு வரை கேட்டிருக்கும்.

பக்கத்து வீட்டு முனியம்மா, வேலிக்கு மேல்: "இன்னாய்யா, உள்ள குஸ்தி நடக்குதா?"

"குளிப்பாட்டிக்கினு கீறேம்மா."

"இன்னும் சோறு ஊட்டலியா? அப்ப கீது ஒனக்கு."

செப். 11, புதன்

என் மூளை வேலை செய்தது. தேசத்துக்கே ஆபத்து. ஊட்டினால்தானே அடி? இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தேன். "நீங்களே சாப்புடுங்க மாமா, ராஜா மாதிரி."

ஸ்பூனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தட்டு பறந்து வந்து நெற்றியைக் கிழித்தது. ரசத்தில் ரத்தம். முனியம்மா காப்பித்தூள் வைத்து அழுத்தினாள்: "பீச்சாங்கையால சோறு துன்னச் சொன்னா யாருதான் அடிக்க மாட்டான்?"

நியாயமான அடி.

செப். 12, வியாழன்

தூறல். புரட்டும்போது தலைமுடியைப் பிடித்துவிட்டார். என் தலையைக் கட்டில் சட்டத்தில் மோதினார். ஒருதரம். இன்னொரு தரம். நெற்றிக் காயம் மறுபடி திறந்தது.

அறைந்தேன்.

கன்னத்தில், முழுக் கையால். இதில் மிகை இல்லை. ஐந்து விரலும் பதிந்தது.

பிடி தானாக விட்டது. போடா என்றுகூடச் சொல்லவில்லை. முகம் சுவர்ப் பக்கம். மத்தியானம் கஞ்சி வேண்டாம். சாயங்காலமும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு பக்கம் செத்த மனிதரை. நான்.

கண்டக்டரிடம் சொல்லியனுப்பலாம். என்னவென்று?

செப். 13, வெள்ளி

காலையிலும் பட்டினி. மதிய பஸ்ஸில் அக்கா. முகத்தில் தூக்க வீக்கம், பத்து வயது குறைந்திருந்தாள். என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தாள். "ஸ்பூனு குடுத்தியா?" அப்புறம் மாமாவின் கன்னம். சிரிப்பு நின்றது.

"எத்தினி?"

"ஒண்ணுக்கா."

முந்தானையால் அந்தக் கன்னத்தைத் தொட்டாள்.

"ஆடியில நான் மூணு அடிச்சேன். நாலாவதுக்குக் கை ஓங்கிட்டேன்டா. அன்னிக்கிதான் ஒனக்கு ஆளனுப்புனேன்."

கதவைச் சாத்தினாள். சோறு பிசைந்தாள். மாமாவின் செத்த வலது கையைத் தூக்கித் தட்டில் வைத்து, அந்த விரல்களைத் தன் விரல்களால் மடக்கி, ஒரு பிடி சோறு அள்ளி, அவர் வாய்க்குக் கொண்டுபோனாள். அவர் கையால் அவரே. வாய் திறந்தது.

"இப்டித்தான் ஊட்டறேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சிடா."

அடுத்த பிடி நான். அந்தக் கை மலைக் கனம், நிஜமாகவே. மாமா தின்றார். மென்று விழுங்கினார். பிறகு இடது கையால் என் காதில் ஒன்று விட்டார்.

"போடா."

பையை எடுக்கும்போது அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அடுத்த மாசம்?"

டைரியில் அக்டோபர் 7-ஆம் தேதிப் பக்கத்தில் எழுதியாகிவிட்டது: பிள்ளைப்பாக்கம், அஞ்சு நாள். கேடயத்துக்கு அண்டா மூடி எடுத்துக்கொள்ளவும்.