மேலண்ணத்தில் ஒரு பல்

செஞ்சி
12.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சாமுண்டீஸ்வரி எழுதுவது. நலம். அங்கே பனி குறைந்ததா? உங்கள் ராணுவ முகாமில் சிக்னல் கிடைப்பதில்லை என்பதால், உங்களுக்கு நிச்சயமான பெண் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. வல்லத்தில் என்னோடு பாடம் எடுக்கும் டீச்சர்கள் கேலி செய்கிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். மேல்வரிசையில் எனக்கு ஒரு கோரைப்பல் இல்லை. பால்பல்லே வெகுகாலம் இருந்து போன வருடம் விழுந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் உள்ளே நிழல்போல ஏதோ தெரிந்ததால், விழுப்புரத்தில் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அசையாமல் நின்றேன், இயந்திரம் தலையைச் சுற்றி வந்தது, அவ்வளவுதான். டாக்டர் மகாலட்சுமி கம்ப்யூட்டரில் என் தாடையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். என் சொந்தப் பல் மேலண்ணத்துக்குள் படுக்கைவாட்டில் கிடக்கிறது!

“பக்கத்துப் பல்லு வேர் கெடல. பல்லுக்குக் கம்பி கட்டி, ஈறத் தொறந்து, உள்ள இருக்கற பல்லுல சின்னச் சங்கிலி கோத்து, கொஞ்சம் கொஞ்சமா இழுத்துடலாம். ஆனா வருஷத்துக்கு மேல ஆவும். இந்த வயசுல வராமலும் போலாம்” என்றார். இல்லையென்றால் அதை எடுத்துவிட்டுச் செயற்கைப் பல்.

எனக்கு என் பல்தான் வேண்டும். ஆனால் தையில் கல்யாணம். தொண்டூரில் உங்கள் அம்மா காதுக்குச் சேதி போய்விட்டது. “வாயில கம்பியோட மணையில ஒக்காந்தா ஊர்ல இன்னா சொல்லுவாங்க? புடுங்கிட்டு வேற வச்சிக்கோ” என்கிறார்கள் அத்தை. நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள்
சாமுண்டி


லடாக்
3.7.2024

அன்புள்ள சாமுண்டிக்கு,

உன் கடிதம் ரேஷன் லாரியில் வந்தது. படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நிச்சயதார்த்தப் படங்கள் எல்லாவற்றிலும் நீ உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாய். பெண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லை, வீட்டார் சொன்னதற்காகத் தலையாட்டிவிட்டாள் என்று இத்தனை நாள் மனசுக்குள் வைத்து வெந்துகொண்டிருந்தேன். காரணம் ஒரு பல்லா!

வாய் உன்னுடையது. முடிவும் உன்னுடையதே. வராமல் போனால் அப்போது வேறு பல் வைத்துக்கொள்ளலாம். கம்பியோடு வா, எனக்குச் சந்தோஷம்தான்.

அம்மாவிடம் நான் சொன்னால், “இப்பவே பொண்டாட்டி பேச்சா?” என்பாள். நீயே அழைத்துப் போய் அந்த ஸ்கேனைக் காட்டேன்.

அன்புடன்
இளவழகன்


செஞ்சி
25.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையை அழைத்துப் போனேன். பஸ்ஸில் தள்ளிப் போய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். திரையில் என் மண்டையோடு வந்ததும், “ஐயோ, இன்னாடி இது!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் படத்தைத் திருப்பிப் பல்லைக் காட்டினார். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்கள்.

“பாவம், வழி தெரியாம படுத்துனு கீது. நல்லா இருக்கற பல்லப் போயி புடுங்கறதாவது! எப்ப இழுக்கப் போறீங்க?”

நேற்று ஈறைத் திறந்து சங்கிலி கோத்துவிட்டார்கள். கொஞ்சம் வீக்கம். கஞ்சிதான் ஆகாரம். அத்தையே தொண்டூரிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்தார்கள்.

உங்கள்
சாமுண்டி


தொண்டூர்
18.5.2025

அன்புள்ள என் மாமாவுக்கு,

நீங்கள் கல்யாண லீவு முடிந்து போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஆனாலும் இன்று சந்தோஷச் சேதி. காலையில் பல் தேய்க்கும்போது நாக்கில் கூர்மையாக ஏதோ தட்டியது. டார்ச் அடித்துப் பார்த்த அத்தை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடிவந்துவிட்டார்கள். அரிசி முனைபோல வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. அது இடத்துக்கு வந்து சேர இன்னும் பல மாதம் ஆகுமாம். ஆகட்டும்.

சாயந்திரம் அத்தை என்னைப் பலகையில் உட்காரவைத்தார்கள். எதற்கென்று கேட்பதற்குள் உச்சந்தலையில் பொலபொலவென்று பல்லு கொழுக்கட்டை! தெருப் பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கின.

“அத்த, நான் இன்னா கைக்கொழந்தையா?” என்றேன்.

“இந்த வூட்ல யாருக்குப் பல்லு மொளச்சாலும் கொழுக்கட்ட உண்டு. வயசெல்லாம் கேக்க மாட்டோம்.”

உங்களுக்கென்று ஒரு டப்பாவில் எடுத்துவைத்தார்கள். லடாக் போய்ச் சேர்வதற்குள் ஊசிப்போகும் என்று நானும் அத்தையும் தின்றுவிட்டோம்.

உங்கள்
சாமுண்டி