பதினாறாவது படி

மரிகினா, பிலிப்பைன்ஸ்,
பிப்ரவரி 9

என் மகள் ரொவெனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீடு ஜோராக இருக்கிறது. அதை அப்படி ஆக்கிவிட்டு நான்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருப்பேன், அப்பா பக்கத்திலேயே இருக்கிறார்.

வீட்டை விற்க நீ ஏற்பாடு செய்த பிலாப்பில் என்கிற தரகுக்காரி மூன்று வாரமாக என்னைப் படுத்தி எடுக்கிறாள். சோபாவின் பிளாஸ்டிக் உறை போயிற்று. சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருந்த பெரிய மரக்கரண்டி போயிற்று. உன் பட்டமளிப்புப் படமும் போயிற்று. எங்கு பார்த்தாலும் சாம்பல் நிறத் திரை, மேசையில் பிளாஸ்டிக் எலுமிச்சை. குழந்தை இயேசு மட்டும் நான் முறைத்ததால் தப்பித்தார். கருவாடு வறுக்கவும் தடை. "வாசனைக்கே ஓடிருவாங்கக்கா" என்றாள். இவள் மட்டும் ரோஜாப்பூவா தின்கிறாள்?

அப்பாவின் மறதிக்காக நான் கதவுகளில் ஒட்டியிருந்த காகிதங்கள் உனக்குத் தெரியும். 'கழிவறை', 'சட்டை இங்கே', 'வெளியே போகாதே, மிண்டாவைக் கூப்பிடு'. அவற்றையும் கிழிக்கச் சொன்னாள். "நோயாளி வீடுன்னு தெரிஞ்சா அடிமாட்டு வெலைக்குக் கேப்பாங்க" என்றாள். கிழித்தேன். அன்று அப்பா எந்தக் கதவு என்று தெரியாமல் நடையில் நின்று உடையை நனைத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. உன் மேல் இல்லை. மாடிப்படியில் இரண்டு முறை விழுந்தவரை இனி என்னால் தாங்கிப் பிடிக்க முடியாது, அதனால்தானே லிஃப்ட் உள்ள இடத்துக்குப் போக நீயும் நானும் முடிவு செய்தோம்.

சனிக்கிழமை ஒரு இளம் ஜோடி பார்க்க வந்தது. அந்த நேரத்தில் அப்பாவை மாதா கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருந்தாள் தரகுக்காரி. நாங்கள் கிளம்புவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். அப்பா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு விருந்தாளி மாதிரி தொப்பியைக் கழற்றினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினார், உரக்க எண்ணியபடி. ஓரோ, பிளாட்டா, மாட்டா. பொன், வெள்ளி, சாவு. நம் ஊரில் அப்படி எண்ணிப் பார்க்காமல் யார் வீடு வாங்குகிறார்கள்? அந்த ஜோடியும் பின்னாலேயே ஏறியது. கடைசியான பதினாறாவது படி, ஓரோ. கொத்தனார் சாவில் முடித்துவிட்டான் என்று அப்பா அந்தப் படிகளை இடித்துக் கட்ட வைத்தது உனக்கு நினைவிருக்கும். அவருக்கு இல்லை. மேலே நின்று, "கட்டுனவன் வெவரமான ஆளுப்பா" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே புருஷன் கையைப் பிடித்தாள்.

இறங்கி வந்து என் காதில் சொன்னார்: "மிண்டா, இத விட்றாத. அவங்க முந்திக்கறதுக்குள்ள நாம பேசி முடிச்சிரலாம். நம்ம ரொவெனாவுக்கும் ஒரு ரூம் இருக்கு."

கேட்ட விலைக்கே அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். தரகுக்காரி என்னைக் கட்டிப்பிடித்தாள், நான் மரம் மாதிரி நின்றேன். வீடு உன் பெயரில் இருப்பதால் உன் கையெழுத்துத்தான் பாக்கி.

காகிதங்களை மறுபடி ஒட்டிவிட்டேன். அப்பா தினமும் அந்த வீடு நமக்குக் கிடைத்ததா என்று கேட்கிறார். கிடைத்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடாதே என்று சொல்லமாட்டேன். ஆனால் துபாயிலிருந்து தபாலில் அனுப்பாதே. நான்கு நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து போடு. அப்பா உன்னையும் வீடு பார்க்க வந்தவள் என்று நினைத்தால் திருத்தாதே, அழாதே. ஒவ்வொரு அறையாகக் காட்டுவார், கூடவே போ. கடைசியில், வீடு பிடித்திருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிடு.

குழந்தை இயேசு உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் அம்மா,
மிண்டா